எடையில் சேராத வானம்

எடைமேடை அக்கா சொல்லிய பொய்களுள் தலைசிறந்தது, “நம்பர் இன்னும் ஆடிக்கினு கீது” என்பதே.

கவரைப்பேட்டையைத் தாண்டிக் கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் சாலையோரத்தில், பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பியாக்கும் ஆலை ஒன்று உண்டு. அதன் வாயிலில் எடைமேடை. இரும்புக் கழிவு ஏற்றிவரும் லாரி மேடைமீது ஏறி நின்றதும் ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிவிட வேண்டும். அருகிலுள்ள சிற்றறைக்குள் சிவப்பு எண்கள் சற்றே அலைந்து ஓர் எண்ணில் அடங்கும். அடங்கிய எண்ணைச் சீட்டில் அச்சிட்டுத் தருவதும், இரும்பு ஏணியில் ஏறிச் சரக்கை மேலிருந்து ஒரு படம் எடுத்துவைப்பதும் அவர் வேலை. எண் அடங்க ஒரு பெருமூச்சு விடும் நேரம் போதும். ஆனால், அந்த அறையின் சன்னலுக்கு எதிரே, சாலைக்கு அப்பால், ஓர் ஏரி கிடந்தது. ஏரிக் கொக்குகள் எழும்பும் தறுவாயில் இருந்தாலும், கதிரவனை மறைத்த மேகம் விலகும் தறுவாயில் இருந்தாலும், எண்கள் அடங்கவே அடங்கா. லாரி நிற்கும். ஓட்டுநர் நிற்பார். பின்னால் வரிசை நிற்கும். அக்கா மட்டும் ஏணிமேல், கைப்பேசியைக் கண்ணுக்கு நேரே பிடித்தபடி, எடைக்கும் தமக்கும் எந்த உறவும் இல்லாதவர்போல ஏரியைப் பார்த்திருப்பார்.

“இன்னாக்கா, எவ்ளோ நேரம்?”

“நான் இன்னா பண்றது? வண்டி மூச்சு வுடுது. அது அடங்கட்டும்.”

புடவைமேல் ஆலை கொடுத்த காக்கிச் சட்டை. சட்டைப் பையில் ஓரம் விரிசல் கண்ட கைப்பேசி. நெற்றியில் வியர்வைக்கு அஞ்சாத பெரிய பொட்டு. ஐம்பதை நெருங்கிய அந்த அம்மையாரை ஆலை முழுவதும் ‘எடைமேடை அக்கா’ என்றே அழைத்தது. வருகைப் பட்டியலில் அவருக்கு வேறொரு பெயர் இருந்தது. அதை யாரும் பயன்படுத்தி நான் கேட்டதில்லை.

நான் அப்போது தமிழ் படித்து முடித்துவிட்டு, படித்த தமிழுக்குத் தொடர்பில்லாத எழுத்தர் வேலையொன்றில் அந்த ஆலையின் அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்பதனால் வாயிற்காவலர் முதல் உலைக்காரர் வரை எல்லாருக்கும் நான் ‘சாமி’. சேர்ந்த சில நாள்களிலேயே, சென்னையில் இருந்து ஒரு பழைய இரும்பு வணிகரின் கணக்கர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் கவலை தெரிந்தது.

“சார், உங்க எடைச் சீட்டுல குறிப்புன்ற இடத்துல ‘வானம்’னு போட்டிருக்கு. வானத்துக்கு எவ்வளவு கழிச்சீங்க?”

எனக்கு விளங்கவில்லை. எங்கள் தொழிலில் சீட்டின் குறிப்புப் பகுதி கழிவுகளுக்கு உரியது. இரும்போடு மண் கலந்து வந்தாலும், மழையில் நனைந்து வந்தாலும் ‘மண் கழிவு’, ‘ஈரக் கழிவு’ என்று அங்கே எழுதி, அவ்வளவு எடையைத் தள்ளிவிடுவார்கள். அந்தக் கணக்கர் தம் பணி வாழ்வில் எத்தனையோ கழிவுகளைக் கண்டவர். வானக் கழிவு அவருக்குப் புதிது. சீட்டின் படியைத் தேடி எடுத்தேன். குறிப்புப் பகுதியில் இப்படி அச்சாகியிருந்தது:

ஈரத் தார்ப்பாய் மேலே
ஒரு துண்டு வானம்.
எடையில் சேர்க்கவில்லை.

சீட்டை எடுத்துக்கொண்டு எடைமேடைக்கு நடந்தேன். அக்கா அறைக்குள் சன்னல் கம்பியில் உலரவைத்த வேப்பம்பூவைக் கைப்பேசியால் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, இந்தப் பகுதியில் கழிவைத்தானே எழுத வேண்டும்?”

“ஆமா சாமி. கழிச்சி தான எய்தி கீறேன்? சேக்கலன்னு தெளிவா போட்டு கீது பாரு.”

“வானத்தை எடை போடும்படி உங்களை யார் கேட்டார்கள்?”

“யாரும் கேக்கல. அத்தொட்டு தான் போடல.”

அவர் கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். முந்தைய நாள் மழையில் தார்ப்பாய் குழிந்து, குழிவில் நீர் தேங்கி, நீருக்குள் கருநீலமும் வெண்மையுமாக வானம் கிடந்தது. ஓரத்தில் கயிற்று முடிச்சொன்று அந்த வானத்தைக் கட்டிவைத்ததுபோல இருந்தது. நன்றாக இருக்கிறது என்றேன். “நல்லா தான் இருக்கும். அத எடுக்கறதுக்கு அந்தாள ரெண்டு தாட்டி வண்டிய முன்ன பின்ன எடுக்க சொன்னேன்” என்றார்.

கழிவு ஏதும் இல்லை, குறிப்பைப் பொருட்படுத்த வேண்டா என்று கணக்கருக்கு மறுமொழி சொன்னேன். அதன் முற்பகுதி அக்காவுக்கு உடன்பாடு. பிற்பகுதிக்காக என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

அன்று முதல் அந்தச் சீட்டுகளின் படிகளை நான் விரும்பிப் படிக்கலானேன். மிதிவண்டி மணிகள் மட்டும் குவியலாக வந்த ஒருநாள், ‘மணிகள் வந்து சேர்ந்தன. சைக்கிள்கள் ஓடிவிட்டன’ என்று எழுதியிருந்தார். துருவேறிய வாயிற்கதவுகள் வந்த நாளில், ‘கதவின்மேல் ஒரு தும்பி. வண்டியோடு வந்தது, வண்டியோடு போகவில்லை’ என்று இருந்தது. தமிழ் படிக்கத் தெரியாத ஓட்டுநர்கள் வாயிலுக்கு வெளியே உள்ள தேநீர்க் கடையில் சீட்டை நீட்டி, “இன்னிக்கு இன்னா போட்டு கீது?” என்று கேட்டு, கடைக்காரர் உரக்கப் படிக்கக் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்கள். இரண்டு வரி படிப்பதற்கு ஒரு தேநீர் குடித்தாக வேண்டும் என்பது கடைக்காரர் வகுத்த விதி.

இயற்கையின் அழகை உள்ளபடியே கண்டு வியக்கும் எளிய உள்ளம் என்று அவரை எண்ணிவிட வேண்டா. நானும் தொடக்கத்தில் அப்படித்தான் எண்ணினேன். ஒரு காலை, எடைமேடையின் கைப்பிடிக் கம்பியில் காக்கை ஒன்று கழுத்தைச் சாய்த்துத் தன் நிழலையே பார்ப்பதுபோல அமைந்த அருமையான படமொன்றைக் காட்டினார். அதைப் பாராட்டி வாய் மூடவில்லை. கம்பியின் கீழே தரையெங்கும் மிச்சர் சிதறிக் கிடந்ததைக் கண்டேன். வாயிற்காவலர், பெரியதொரு தெர்மாகோல் பலகையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, காக்கையின்மேல் வெளிச்சத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, நான் செக்யூரிட்டியா, ஸ்டுடியோ ஆளா? கை மரத்துப் போச்சி. உன்னோட பெரிய பேஜாரா கீது.”

“இன்னும் கொஞ்சம் எடது பக்கம் சாய்ச்சிக்கோ. காக்கா மூக்குல வெளிச்சம் வரல.”

நான் மனம் பொறாமல் கேட்டேன். “இயற்கையை அதன்போக்கில் விட்டால் என்ன அக்கா?”

“கல்யாணத்துல பொண்ண அது போக்குல வுட்றாங்களா சாமி? ஒரு பூ வெச்சி, ஒரு பொட்டு வெச்சி, ‘கொஞ்சம் சிரி’ன்னு சொல்லி தான உக்கார வெக்கிறாங்க? காக்காக்கி ரெண்டு மிச்சர் போட்டா மட்டும் குத்தமா?”

பனித்துளி போதாத நாளில் எருக்கிலைமேல் அவரே நீர் தெளிப்பார். சாலையோரப் பூவரச மரத்தின் உதிர்ந்த பூக்கள் பரவிக் கிடக்கும் முறை பிடிக்காவிட்டால் காலால் ஒதுக்கிச் சீர்செய்வார். மனிதர்களிடம் இன்னும் துணிச்சல். படம் எடுக்கப்போகிறேன் என்று எவரிடமும் சொல்லமாட்டார். “பின்னாடி சக்கரத்துல காத்து கம்மியா தெரிது, பாரு” என்று ஓர் ஓட்டுநரிடம் சொன்னார். அவர் பதறிப்போய்ச் சக்கரத்தருகே குந்தி, காதைச் சாய்த்து, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். காற்றில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள், நோயாளியின் நெஞ்சைத் தட்டிப் பார்க்கும் மருத்துவரைக் கண்டார்கள். அந்த ஓட்டுநர் முதலில் திட்டினார். பிறகு படத்தைக் கேட்டு வாங்கினார். அதற்கும் பிறகு, அச்சிட்டுத் தம் லாரியின் முகப்புக் கண்ணாடிக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார். அதன்பின் அந்த வாயிலுக்கு வந்துபோன வண்டிகளில் ஒவ்வொன்றாக இத்தகைய படங்கள் தோன்றலாயின. குடிநீர்க் குடுவையைக் கவிழ்த்து முகம் கழுவுகிறவர், தார்ப்பாய்க் கயிற்றைப் பல்லால் இழுக்கிறவர், வரிசையில் நின்றபடியே உறங்குகிறவர். அவரவர்க்கு அவரவர் முகம் அழகாகத் தெரிந்த முதல் படம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அவர் ஊர் ஆரணிப் பக்கம். ஆற்றையொட்டிச் சொந்தமாக நெல் வயல் உண்டு, கணவர் உழவர். அறுவடைக் காலத்தில் ஒரு ஞாயிறன்று பெரியபாளையம் வழியாகப் பேருந்தில் அங்கே போயிருந்தேன். வாடகைக்கு வந்த அறுவடைப் பொறி வரப்போரம் நின்றது. அதை ஓட்டுகிறவர் வரப்பில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். கதிர்மேல் பனி காய்ந்த பிறகுதான் பொறியை இறக்குவார்கள், அதில் வியப்பில்லை. ஆனால் வெயில் முதுகைச் சுட்டது. வயலின் நடுவே முழங்கால் அளவு கதிருக்குள் அக்கா குனிந்திருந்தார்.

“நீங்களே சொல்லுங்க சாமி” என்றார் கணவர். “பனி காஞ்சிட்ச்சின்னு மிசின்காரன் சொல்றான். நான் தொட்டுப் பாத்துட்டு காஞ்சிட்ச்சின்றேன். இவ மட்டும் இன்னும் காயலன்றா.”

“காயல!” என்று வயலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

போய்ப் பார்த்தேன். இரண்டு கதிர்களுக்கு நடுவே சிலந்தி கட்டிய வலையொன்றில் மட்டும் நீர் மணிகள் கோத்திருந்தன. அக்காவின் மறுகையில், மருந்து தெளிக்கும் சிறிய குப்பி இருந்தது. அதில் இருந்தது நீர்தான்.

“எல்லார் ஊட்லயும் நெல்லு வெளையும்” என்றார் கணவர் என்னிடம், குரலைத் தாழ்த்தி. “எங்க ஊட்ல மொதல்ல போட்டோ வெளையணும். அப்பால தான் நெல்லு.” சொல்லிவிட்டுத் தம் கைப்பேசியை எடுத்து, மனைவி அனுப்பிய நாற்பது ஐம்பது படங்களை எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். போதும் என்று நான் சொல்ல அவர் இடம் கொடுக்கவில்லை.

இவ்வளவு பேரை ஏய்த்தவரால் ஏய்க்க முடியாத ஒருவர் இருந்தார். தடாப் பக்கத்திலிருந்து சரக்கு ஏற்றிவரும் ஓட்டுநர். பருத்த உடல், முறுக்கிய மீசை, தெலுங்கும் தமிழும் ஒன்றையொன்று முந்தும் பேச்சு. அக்கா அவரை ‘நைனா’ என்பார். எந்தத் தந்திரத்தைக் கையாண்டாலும், கைப்பேசி காக்கிச் சட்டைப் பையிலிருந்து எழும்பும் கணத்தில் நைனாவுக்குத் தெரிந்துவிடும். உடனே கறுப்புக் கண்ணாடி மூக்கின்மேல் ஏறும், வயிறு உள்ளே போகும், நெஞ்சு வெளியே வரும், மூச்சு நின்றுவிடும்.

“போட்டோன்னா நீ பொணமாயிட்ற நைனா. உன்ன எடுக்க முடியாது” என்று சொல்லி அக்கா கைப்பேசியை உள்ளே வைத்துவிடுவார்.

ஒரு காலை, ஏரியில் கொக்குகள் எழும்புவதற்காக நைனாவின் வண்டி மேடைமீது நெடுநேரம் நிறுத்தப்பட்டது. கொக்குகளுக்கு அன்று எழும்ப மனமில்லை. நைனா பொறுமையிழந்து நேராக மேலாளர் அறைக்குள் நுழைந்தார். அவருடைய தெலுங்கைத் தமிழாக்க, அம்மொழி தெரிந்த என்னையும் அழைத்தார்கள். எடைமேடையில் வேண்டுமென்றே காலந்தாழ்த்துகிறார்கள், ஒரு நாளில் இரண்டாம் நடை அடிக்க முடியவில்லை, பிழைப்புப் போகிறது என்பது முறையீடு. மேலாளர் அண்மையில்தான் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர்; எதற்கும் கடிகாரத்தைப் பார்க்கிறவர். உலைக்கு இரும்பு போய்ச் சேரவில்லை என்ற ஏச்சை நாள்தோறும் கேட்கிறவரும் அவரே. அவர் முகம் கறுத்தது.

முறையீட்டை முடித்துக்கொண்டு வெளியே வந்த நைனா, நடைவழியில் என் தோளைப் பற்றி நிறுத்தினார்.

“சாமி, இத்த சாருக்கு சொல்லாத. எல்லா டிரைவருக்கும் போட்டோ எட்த்தா. நேத்து வந்தவனுக்குக் கூட எட்த்தா. நான் மட்டும் இன்னா, மன்சன் இல்லியா?”

மேலாளர் அன்று பிற்பகலே எவருக்கும் சொல்லாமல் எடைமேடைக்குப் போனார். ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. அக்கா ஏணிமேல் இருந்தார்.

“ஏம்மா, இந்த வண்டி ஏன் இன்னும் நிக்குது?”

“நம்பர் ஆடிக்கினு கீது சார்.”

“ஏன் ஆடுது?”

“நீங்க மேடை மேல நிக்கிறீங்க சார். உங்களையும் சேத்து தான் காட்டுது.”

மேலாளர் குனிந்து தம் காலணியைப் பார்த்துவிட்டு, சட்டென்று கீழே இறங்கினார். ஓட்டுநர் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். வாயிற்காவலர் தம் தெர்மாகோல் பலகையின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்புகளே அக்காவுக்கு வினையாயின.

“நாளைக்குக் காலையிலிருந்து நான் இங்கேயே நிப்பேன். சரக்குப் படத்துக்கு செக்யூரிட்டி கேமராவே போதும். உன் போன் டிராயருக்குள்ள பூட்டியிருக்கும், சாவி என்கிட்ட இருக்கும். போட்டோவுக்காக ஒரே ஒரு வண்டி ஒரு நிமிஷம் கூட நின்னாலும், திங்கட்கிழமை நீ ஸ்டோருக்குப் போயிடு. சாமி, ஆர்டரை டைப் பண்ணி வெச்சிடுங்க.”

ஸ்டோர் என்னும் பொருட்கிடங்கு ஆலையின் நடுவே இருந்தது. சன்னல் கிடையாது. எந்நேரமும் குழல்விளக்கு. போல்ட்டும் நட்டும் நிறைந்த தகரப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்கும். மாலையில் வேலை முடிந்ததும் அக்கா தனியாக அங்கே போனதை அலுவலகத்திலிருந்து கண்டேன். சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். பேச்சில் வழக்கமான குறும்பு இல்லை.

“அங்க காலைலயும் சாய்ங்காலமும் ஒரே மாரி கீது சாமி” என்றார். “மழ பேஞ்சா கூட தெரியாது போல. நான் அங்க போனா, ஒரு மாசத்துல எனக்குக் கண்ணு இருக்கறதே மறந்துடும்.”

நைனா நடைவழியில் என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். சாருக்குச் சொல்லாதே என்றுதானே கேட்டுக்கொண்டார். அக்காவுக்குச் சொல்லாதே என்று கேட்கவில்லையே.

அவர் நிமிர்ந்தார்.

“அப்டியா சேதி?” அன்றைய நாளில் முதன்முறையாகச் சிரித்தார். “நைனாவுக்கு அடுத்த நடை எப்போ?”

“நாளைக் காலை.”

“சரி” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். போகும் வழியில் வாயிற்காவலரிடம் நின்று ஏதோ பேசினார். என்ன பேசினார் என்பது எனக்குத் தெரியாது. பின்னாளில் காவலரைக் கேட்டபோது, வீட்டில் எல்லாரும் நலமா என்று அக்கா விசாரித்ததாகச் சொன்னார். காவலர் தனிக்கட்டை. நைனாவின் கைப்பேசி எண் மட்டும் அவரிடம் இருந்தது.

மறுநாள் மேகமும் வெயிலும் மாறிமாறி வந்துகொண்டிருந்தன. ஏரி ததும்பிக் கிடந்தது. மேலாளர் எடைமேடை அறையின் வாயிலில், கைப்பேசியில் நேரம் பார்த்தபடி நின்றார். நானும் குறிப்பெடுக்க அழைக்கப்பட்டிருந்தேன். அக்கா பள்ளித் தேர்வு எழுத வந்தவர்போலக் கைகளை மடிமேல் வைத்து நேராக உட்கார்ந்திருந்தார். வண்டிகள் ஏறின, இறங்கின. எண்கள் கணத்தில் அடங்கின. சீட்டை வாங்கிய ஓர் ஓட்டுநர் அதை முன்னும் பின்னும் புரட்டினார்.

“இன்னாக்கா, இன்னிக்கு ஒண்ணும் எய்தல?”

“மண்ணும் இல்ல, ஈரமும் இல்ல. போ.”

மேலாளர் முகத்தில் நிறைவு தெரிந்தது. அந்த நிறைவு, நைனாவின் வண்டி வரும்வரை நீடித்தது.

வண்டி கழுவித் துடைத்திருந்தது. முன்புறத்தில் நெகிழிப்பூ மாலை. நைனா வெள்ளைச் சட்டை அணிந்து, முகத்தில் பவுடர் பூசி, கறுப்புக் கண்ணாடி தரித்து இறங்கினார். எண் அடங்கியது; அக்கா சீட்டைச் சன்னல் வழியே நீட்டினார். நைனா அதைப் பார்க்கவே இல்லை. முகப்பு விளக்கின்மேல் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டார்.

“சீட்டு அப்பறம். மொதல்ல போட்டோ.”

“போட்டோ எடுக்கக் கூடாதுன்னு ஆர்டர் நைனா. சார் பக்கத்துல தான் கீறாரு, கேட்டுக்கோ.”

“அப்போ வண்டி எறங்காது.”

மேலாளர் பாய்ந்து வந்தார். “யோவ், லேட் பண்றாங்கன்னு கம்ப்ளெயின்ட் குடுத்ததே நீதானே? வண்டியை எடுய்யா!”

“குட்த்தேன் சார். இல்லன்னு சொல்லல. ஆனா எல்லார் வண்டியிலயும் அவன் அவன் மூஞ்சி ஒட்டிக்கினு கீது. என் பொண்ணு கேக்குது, உன்னுது எங்க நைனான்னு. டப்பு குட்த்தா டவுன்ல யாரும் எடுப்பான். இந்த அக்கா எடுக்கற மாரி எவன் எடுப்பான் சார்?”

பின்னால் லாரிகளின் ஊதல்கள் கிளம்பின. வரிசை நெடுஞ்சாலை வரை நீண்டது. உலையிலிருந்து மேலாளருக்கு அழைப்பு வந்தது; இரும்பு எங்கே என்று அதட்டிய குரல் எனக்கே கேட்டது. அக்கா மடிமேல் வைத்த கையை எடுக்கவில்லை. கீழ்ப்படிதலுக்குச் சிலை வடித்தால் அப்படித்தான் இருக்கும். கடைவாயில் மட்டும் ஏதோ ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.

“சரி, எடுத்துத் தொலைம்மா!”

“நீங்க சொல்றீங்களா சார்?”

“நான்தான் சொல்றேன்!”

“சாவி உங்க பாக்கெட்ல கீது சார்.”

மேலாளர் சாவியைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அக்கா அவசரமின்றி மேசை இழுப்பறையைத் திறந்து, கைப்பேசியைப் புடவைத் தலைப்பால் துடைத்து, ஏணியில் ஏறினார். மேலே நின்று நைனாவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

“வெளிச்சம் இல்லியே சார்.”

“இருக்கிற வெளிச்சத்துல எடும்மா!”

“எடுக்கலாம். அப்பறம் நல்லா இல்லன்னு நைனா நாளைக்கும் வந்து நிப்பாரு. அந்த மேகம் ஒண்ணு தான் மறைக்குது. அது நகர்ந்துட்டா முடிஞ்சிட்ச்சி.”

“நிப்பேன், நாளைக்கும் நிப்பேன்” என்றார் நைனா, அசையாமல்.

மேலாளர் பல்லைக் கடித்தார். பிறகு, அந்த ஆலையில் அவர் அதுவரை கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்டார்.

“எந்த மேகம்?”

“அதோ சார். தண்ணி டேங்குக்கு மேல, ஒட்டகம் மாரி கழுத்த நீட்டிக்கினு.”

“அது ஒட்டகம் இல்லக்கா, வாத்து” என்றார் பின்வண்டி ஓட்டுநர், இறங்கி வந்து அண்ணாந்தபடி.

“காத்து கெழக்க அடிக்குது. அது போவாது” என்றார் இன்னோர் ஓட்டுநர்.

“போவும் போவும். வாலு தேயுது பாரு.”

ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். ஊதல்கள் ஓய்ந்தன. தேநீர்க் கடைக்காரர் கையில் வடிகட்டியோடு சாலையைக் கடந்து வந்து நின்றார். நானும் அண்ணாந்தேன். அது வாத்தா ஒட்டகமா என்பதில் எனக்கும் ஒரு கருத்து இருந்தது. “நகருது, நகருது” என்று முதலில் சொன்ன குரல் மேலாளருடையது. மேகத்தின் ஓரம் வெள்ளிக் கம்பியாக மின்னியது. பிறகு சாலை, தார்ப்பாய்கள், துருப்பிடித்த இரும்புக் குவியல், ஏரி என ஒவ்வொன்றின்மேலும் வெளிச்சம் வரிசையாக நடந்து வந்து எங்கள்மேல் ஏறியது. துரு பொன்னிறமாயிற்று.

அக்கா ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

“அக்கா, நான் ரெடி!” என்று நைனா பதறினார். கறுப்புக் கண்ணாடி அவர் கையில் இருந்தது. மேகத்தைப் பார்க்கக் கழற்றியிருந்தார்.

“எட்த்தாச்சி நைனா.”

“கண்ணாடியே போடல நானு!”

அக்கா கைப்பேசியை நீட்டினார். நைனா இரு கைகளாலும் வாங்கிப் பார்த்தார். வயிறு இருந்த இடத்தில் இருந்தது. மீசையின் நரை வெயிலில் மின்னியது. கண்ணோரச் சுருக்கங்களோடு, திருவிழாவில் தேர் வருவதைப் பார்க்கும் முகம். அவர் மெல்ல, “ஈ மனிஷி நேனா?” என்றார். இந்த மனிதன் நானா என்று. பிறகு சீட்டை வாங்கிக்கொண்டு, வண்டியை எந்த ஓசையும் எழுப்பாமல் இறக்கிக்கொண்டு போனார்.

நண்பகலில் மேலாளர் அக்காவைத் தம் அறைக்கு அழைத்தார். தட்டச்சிட்ட மாற்றல் ஆணை அவர் கையொப்பத்துக்காக மேசைமேல் இருந்தது. அதை நானே கொண்டுபோய் வைத்திருந்தேன். ஆகவே நானும் அங்கே நிற்க நேர்ந்தது.

“அந்த ஆள் போட்டோவைக் காட்டு.”

அக்கா காட்டினார். மேலாளர் விரலால் தள்ளினார். அடுத்த படம் வந்தது.

ஏணியின் உயரத்திலிருந்து எடுத்த படம். அதில் நைனா ஓர் ஓரத்தில் மட்டும் இருந்தார். ஓட்டுநர்கள், காவலர், வடிகட்டியோடு கடைக்காரர், கையில் இருந்த குறிப்பேட்டை மறந்த நான் என அத்தனை பேரும் ஒரே திசையில் அண்ணாந்திருந்தோம். எல்லா முகங்களிலும் பாதி நிழல், பாதி வெளிச்சம். நடுவே மேலாளர். அவர் கைப்பேசி தொடையருகே தொங்கியது. வாய் திறந்திருந்தது.

“வாயைத் திறந்துட்டு நிக்கிறேன். இதை அழிச்சிடு.”

“அந்த வாய்க்காக தான் சார் எட்த்தேன்.”

மேலாளர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். இரண்டு விரல்களால் தம் முகத்தைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார். வெளியே எடைமேடைப் பக்கமிருந்து ஒரு லாரி ஊதியது. அவர் கைப்பேசியை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார்.

“வண்டி நிக்குது பாரு” என்றார். “உன் இடத்துக்குப் போம்மா.”